விற்றதோடு தீராத பொறுப்பு

2025 மே 27 அன்று சென்னை ஈஞ்சம்பாக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் ராட்சத ராட்டினம் உயரத்தில் போய் நின்றுவிட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட 30 பேர் அளவில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புத் துறையினர் ஸ்கை லிஃப்ட் வாகனத்தைக் கொண்டுவந்து அவர்களை இறக்கினார்கள். உயிர் போகவில்லை, அதனால் பேச்சும் விரைவில் ஓய்ந்தது. உயிர் போன இடங்களிலும் பேச்சு நீடிப்பதில்லை. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் மாண்டார்கள். இத்தகைய நேரங்களில் கைது நடக்கிறது, பூங்காவுக்குச் சீல் வைக்கப்படுகிறது. ஆனால் அந்த இயந்திரத்தை விற்றவர் யார், எந்த நிலையில் விற்றார், எதை மறைத்தார் என்று கேட்பவர் குறைவு. ராட்டினத்துக்கான பொறுப்பு விற்கும் இடத்திலேயே தொடங்குகிறது. நிறுவுபவர், நடத்துபவர், இடத்தை ஏலம் விடுபவர் என்று நீள்கிறதே ஒழிய, பணம் கைமாறியதும் எவருக்கும் அது தீர்வதில்லை.

காய்கறி வாங்குபவர் புரட்டிப் பார்த்து வாங்கலாம். ராட்டினத்தில் ஏறுபவரால் அச்சைத் தட்டிப் பார்க்க முடியாது, வெல்டிங்கை உரசிப் பார்க்க முடியாது. டிக்கெட் வாங்கிய கணத்தில் அவர் தம் உடலையே ஒப்படைத்துவிடுகிறார். பிறர் பொருளையும் தம் பொருளாகவே கருதிப் பேணுவதுதான் வாணிகம் என்றார் வள்ளுவர். பொருளுக்கே அந்த நியதி என்றால் உயிருக்கு எத்தனை மடங்கு! காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் விலையில் கூட்டாமலும் அளவில் குறைக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. எடை குறைந்த மயிலிறகும் அளவு மீறினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று குறள் எச்சரிக்கிறது. நாள்தோறும் சுழன்று சுழன்று இரும்பு களைத்துப்போவதை இன்றைய பொறியியல் விளக்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, அச்சுக்கும் எல்லை உண்டு என்று அறிந்திருந்த மரபு இது. எதிர்பாராமல் நடந்த விபத்து என்று கைவிரிப்பவர்களுக்குப் பெரியபுராணம் பதில் வைத்திருக்கிறது. கன்று தானே தேர்க்காலில் வந்து விழுந்தது; அமைச்சர்கள் கழுவாய் சொன்னார்கள்; மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை.

பழைய ராட்டினம் கைமாறும் வணிகத்தில்தான் இந்த அறம் அதிகம் சோதிக்கப்படுகிறது. பூங்காவில் ஓடிக் களைத்த இயந்திரம் பொருட்காட்சிக்குப் போகலாம்; அங்கிருந்து திருவிழாத் திடலுக்கும் போகலாம். ஊருக்கு ஊர் கழற்றி, லாரியில் ஏற்றி, மறுபடி பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டும் பின்னும் தேய்கிறது. புதிய பெயின்ட் விரிசலை மறைத்துவிடும். 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பொருட்காட்சியில் ஒரு ராட்டினம் ஓட்டத்திலேயே உடைந்து ஓர் இளைஞர் இறந்தார். 18 ஆண்டு பழைய அந்த இயந்திரத்தின் தாங்குதண்டை உட்புறத் துரு அரித்திருந்தது என்று அதைத் தயாரித்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. பொருட்காட்சி தொடங்கும் முன்பு அது சோதனையில் தேறியிருந்தது! ஆகவே, சான்றிதழ் இருக்கிறது என்ற வாதம் முழு விடையாகாது. எத்தனை ஆண்டு ஓடியது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எங்கே பற்றவைக்கப்பட்டது என்ற குறிப்பேடு இல்லாமல் ராட்டினத்தை விற்பவர், வாங்குபவரை மட்டுமல்ல, முகம் தெரியாத குழந்தைகளையும் ஏமாற்றுகிறார்.

ராட்டினத் தொழிலில் வாழும் குடும்பங்கள் உண்டு. மழை பெய்தால் அவர்களுக்கு வருமானம் இல்லை. ஏலத்தொகையோ முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அது உண்மையான துயரம்தான். ஆனால் முதலில் பலியாவதும் அவர்களைப் போன்ற உழைப்பாளிகளே. 2016 மே மாதம் சென்னைப் புறநகர்ப் பூங்கா ஒன்றில் புதிய ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் பணியாளர்களையே உட்கார வைத்தார்கள். அது சரிந்து ஒருவர் இறந்தார். மணல் மூட்டை செய்ய வேண்டிய வேலை அது. இயக்கியவரின் கவனக்குறைவு என்ற சாக்கும் எளிதில் சொல்லப்படுகிறது. 2015-இல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் கணினி நிறுத்திவைத்த ராட்டினப் பெட்டியைப் பணியாளர்கள் மீண்டும் ஓடவிட்டதால் இரண்டு இளம்பெண்கள் கால் இழந்தார்கள். ஆயினும் குற்றம் நிர்வாகத்தின் ஏற்பாட்டில் இருந்தது என்று கொண்டு, மறு ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கே 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

நம் ஊர்களிலும் பொறுப்பை மேலே கொண்டுபோக வழி இருக்கிறது. திருவிழாவுக்கு ராட்டினத் திடலை ஏலம் விடும் கோயில் நிர்வாகமும் உள்ளாட்சியும், அதிகத் தொகை கேட்டவர் யார் என்று பார்ப்பதற்கு முன், குறிப்பேட்டையும் நடத்துபவரோடு தொடர்பில்லாத பொறியாளரின் சோதனை அறிக்கையையும் கேட்கட்டும். அவை இல்லாத ராட்டினத்தை லாரியிலிருந்து இறக்கவே விடக்கூடாது. அதனால் ஓர் ஆண்டு ராட்டினமே இல்லாமல் திருவிழா நடந்தாலும் சரி.