பிள்ளையின் வயிற்றுக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டும்

பெற்றவர்களே, பேரப்பிள்ளைகளுக்குச் சோறூட்டி வளர்க்கும் பெரியவர்களே, பாடம் சொல்லித் தரும் ஆசிரியர்களே, உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது தெரியும். டியூஷன் பணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளையின் இடுப்புச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியுமா? பெரும்பாலான வீடுகளில் தெரியாது. இதுவரை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. ஆகவே தெரியாமல் இருந்ததில் குற்றமில்லை. தெரிந்த பிறகும் அளக்காமல் விட்டால் அது குற்றம். இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் தெரிந்தவர்களாகிவிடுவீர்கள்.

எடை பார்த்தோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. எடை கூடியிருக்கிறது என்று இயந்திரம் சொல்லும். கூடியது எலும்பா, தசையா, கொழுப்பா என்று சொல்லாது. உயரத்தோடு எடையைச் சேர்த்துப் பார்க்கும் பி.எம்.ஐ. அதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் கொழுப்பு உடம்பில் எந்த இடத்தில் குடியேறியிருக்கிறது என்று அதுவும் சொல்லாது. குடியேறிய இடம்தான் விதியைத் தீர்மானிக்கிறது. பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். தொடையிலும் பின்புறத்திலும் சேரும் கொழுப்பு ஒரு வகை, வயிற்றிலும் மேலுடம்பிலும் சேரும் கொழுப்பு வேறு வகை. நோயை அழைத்து வருவது இரண்டாவது வகை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. உடம்பு இன்சுலினின் சொல் கேட்க மறுக்கிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஒரு நாள் ஓய்ந்துபோகிறது.

இது நாற்பது வயதுக்காரரின் கதை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்ற சிற்றூர் இருக்கிறது. 1970களின் தொடக்கத்திலிருந்து அவ்வூர்ப் பிள்ளைகளின் இதய நலத்தை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். வயிற்றில் கொழுப்பு மிகுந்த பிள்ளைகளுக்கு இரத்தக் கொழுப்பும் இன்சுலினும் அந்த வயதிலேயே மிகுந்திருந்தன. விபத்திலும் வேறு காரணங்களாலும் இறந்துபோன இளையவர்களின் இரத்தக் குழாய்களைப் பார்த்தபோது, குழந்தைப் பருவத்திலேயே அவற்றில் கொழுப்புக் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. பிரிட்டனில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் அளவுகளைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. பையன்களுக்கு இருபது ஆண்டுகளில், பெண்பிள்ளைகளுக்குப் பத்தே ஆண்டுகளில், இடுப்புச் சுற்றளவு சராசரியாக 6 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. பி.எம்.ஐ. காட்டிய ஏற்றம் அந்த அளவுக்கு இல்லை. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே பிள்ளைகளின் வயிறு பெருத்திருக்கிறது.

நம் மண்ணின் பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துத் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளை அளந்து, இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள், தசை குறைந்து பிறந்தார்கள், ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான உடம்பு, உள்ளே கொழுப்பு: இதுதான் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. யாஜ்னிக் தம்மையே சாட்சியாக நிறுத்தினார். அவருக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் யூட்கினுக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இருவரும் அருகருகே நிற்கும் படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. ஆகவே, "என் பிள்ளை ஒல்லிதானே, வயிறு மட்டும்தானே கொஞ்சம் தள்ளியிருக்கிறது" என்று சொல்லாதீர்கள். அந்த "வயிறு மட்டும்தானே" என்ற இடத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

நம் முன்னோர் பிள்ளைக்கு அரைஞாண் கயிறு கட்டினார்கள். எந்த நம்பிக்கையில் கட்டினாலும், குளிப்பாட்டும் கைக்கு அது ஒரு செய்தி சொன்னது. கயிறு இறுகினால் தாய்க்குத் தெரிந்தது. பிறகு துணிக்கடையும் தையல்காரரும் சொன்னார்கள்: போன வருடத்துக் கால்சட்டையில் பொத்தான் மாட்டவில்லை என்று. இன்று பிள்ளை வீட்டில் உடுத்துவது எலாஸ்டிக் வைத்த டிரவுசர். பள்ளிக்கூடத்துச் சீருடையிலும் எலாஸ்டிக் வந்துவிட்டது. இடுப்பு பெருக்கப் பெருக்க எலாஸ்டிக் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். ஒரு வார்த்தை சொல்லாது. முன்பு தானாக வந்த எச்சரிக்கையை இன்று நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே அளந்து பாருங்கள். செலவு ஒன்றுமில்லை. தையல் பெட்டியில் கிடக்கும் இன்ச் டேப் போதும். இழுத்தால் நீளாத டேப்பாக இருக்கட்டும். காலையில், சாப்பிடுவதற்கு முன், பிள்ளை கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு நிற்கட்டும். விலாவின் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பு எலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளப்பது தவறு, அது கீழே இறங்கிவிடும். டேப் தரைக்கு இணையாக, சட்டைக்கு உள்ளே, தோலை அழுத்தாமல் இருக்க வேண்டும். வயிற்றை எக்கச் சொல்லாதீர்கள். பிள்ளை இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள். இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். பிறகு சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 130 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 65. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 75. அவ்வளவுதான். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2022இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த அளவைப் பயன்படுத்தலாம் என்றது. பாதியைத் தொட்டாலே ஆபத்து கூடுகிறது. பத்தில் ஆறு பங்கைத் தொட்டால் ஆபத்து மிகுதி. இந்தியப் பிள்ளைகளுக்கென்று வயதுவாரியாக இடுப்பளவு அட்டவணைகளும் இருக்கின்றன. அவற்றை வைத்து உங்கள் குழந்தைநல மருத்துவர் இன்னும் நுட்பமாகப் பார்ப்பார். பதினாறு வயதானவர்களுக்குப் பெரியவர்களின் எல்லையே எல்லை: நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. டேப் நோயைக் கண்டுபிடித்துவிடாது. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அது சொல்லும். அதைச் சொல்லும்போது காது கொடுங்கள்.

இன்னொரு அடையாளத்தையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் கருமை படர்ந்து, தோல் தடித்து, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் ஆகும். அழுக்கு என்று நினைத்துத் தாய்மார்கள் தேய்க்கிறார்கள். பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கிறார்கள், கடலைமாவு போட்டுத் தேய்க்கிறார்கள், "ஒழுங்கா குளிக்க மாட்டியா" என்று அடியும் விழுகிறது. அது அழுக்காக இருப்பதில்லை, தாயே. பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து நிற்பதை உடம்பு தோலில் எழுதிக் காட்டுகிறது. பிள்ளை அடி வாங்கியது அதன் குற்றத்துக்காக இல்லை. நாம் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்ததற்காக. பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும், தூக்கத்தில் பிள்ளை பெரியவர்போல் குறட்டை விடுவதும் இதே வரிசையில் வரும் எச்சரிக்கைகள்.

"வளர்ந்தா சரியாயிடும்." எத்தனை வீடுகளில் இந்தச் சொல்! பாட்டி சொல்கிறார், அத்தை சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில வேளை மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது வேறு: உடற்பருமன் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வளரிளம் பருவத்திலும் அப்படியே இருக்கிறார்கள், உடற்பருமன் உள்ள வளரிளம் பருவத்தினரில் ஐந்தில் நால்வர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள். "கொழுகொழுன்னு இருந்தாத்தான் அழகு" என்று ஆசையாகச் சொன்னது, பசி கண்ட தலைமுறையின் நியாயமான ஆசை. அந்தத் தலைமுறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலம் மாறிவிட்டது. 1990இல் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உடற்பருமன் உள்ளவர்கள் 4 லட்சம் பேர் என்று கணித்தார்கள். 2022இல் 1 கோடியே 25 லட்சம். சென்னைப் பள்ளிகளில் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பிள்ளைகளுக்கு மேல் கூடுதல் எடையோடு இருந்தார்கள். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. கையில் காசு சேர்ந்ததும் அன்பின் பெயரால் நாம் வாங்கிக் கொடுத்தது என்ன என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கேட்டுக்கொள்வோம், ஒவ்வொருவராக. தந்தையே, வேலை முடிந்து வரும்போது வாங்கி வரும் சிப்ஸ் பாக்கெட்டும் குளிர்பானமும் உன் பாசத்தின் அடையாளம் என்று நினைத்தாய். பிள்ளையோடு அரை மணி நேரம் பந்து விளையாட உனக்கு நேரம் இருந்ததா? தாயே, பாலில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கும் பொடியின் டப்பாவில் சர்க்கரை எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் படித்தாயா? பள்ளித் தலைமையே, பத்தாம் வகுப்பு என்றும் பன்னிரண்டாம் வகுப்பு என்றும் சொல்லி விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்தாயே, அது யாருடைய உடம்பிலிருந்து எடுத்த நேரம்? பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு களைக்க ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பெண்பிள்ளைகளோ வயதுக்கு வந்த மறுநாளே தெருவிலிருந்து வீட்டுக்குள் அழைக்கப்படுகிறார்கள். பாதுகாப்பு என்று சொல்லி அவர்களின் ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறோம். கடைக்காரரே, பள்ளி வளாகத்திலும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. விதி ஏட்டில் இருக்கிறது. பஃப்ஸ் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. இதைப் பார்த்தும் கடந்துபோன நாம் எல்லோரும் அந்தக் கணக்கில் பங்காளிகள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் இந்தக் கணக்கில் குற்றவாளி இல்லை. அது பிள்ளை. ஆகவே அளக்கும் டேப்பைச் சாட்டையாக ஆக்கிவிடாதீர்கள். உறவினர் முன்னிலையில் அளக்காதீர்கள். வகுப்பறையில் வரிசையாக நிறுத்தி அளவைச் சத்தமாகப் படிக்காதீர்கள். "குண்டு" என்று கூப்பிடாதீர்கள், செல்லமாகக்கூடக் கூப்பிடாதீர்கள். பட்டினி போடாதீர்கள், வளரும் உடம்புக்குச் சோறும் பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும். வீட்டில் முதலில் அப்பா தம் வயிற்றை அளக்கட்டும், பிறகு அம்மா, பிறகு பிள்ளை. எல்லோருடைய அளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். குளிர்பானத்தை நிறுத்துவதானால் வீட்டிலுள்ள அனைவருக்கும் நிறுத்துங்கள். நடப்பதானால் அனைவரும் நடங்கள். உயரம் கூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இடுப்பு மேலும் பெருக்காமல் நின்றாலே பெரும்பாலும் விகிதம் தானாக இறங்கும். வளரும் பருவத்துக்கு மட்டுமே கிடைத்த சலுகை இது. உயரம் நின்றபின் அந்தச் சலுகையும் நின்றுவிடும்.

நான் ஏன் இத்தனை அவசரப்படுகிறேன் என்பதற்கு டென்மார்க்கிலிருந்து ஒரு காரணம் சொல்கிறேன். அங்கே 1939க்கும் 1959க்கும் இடையில் பிறந்த 62,000க்கும் மேற்பட்ட ஆண்களின் எடை அவர்களுடைய ஏழு வயதிலும் பதின்மூன்று வயதிலும் பள்ளியில் குறித்து வைக்கப்பட்டது. இளைஞரான பிறகு ராணுவத் தேர்வில் மறுபடியும் குறிக்கப்பட்டது. ஏழு வயதில் கூடுதல் எடையோடு இருந்து, பதின்மூன்றுக்குள் அதிலிருந்து மீண்டு, பிறகும் அப்படியே இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வந்த அளவு, எப்போதும் கூடுதல் எடையே இல்லாதவர்களுக்கு வந்த அளவுதான். பழைய கடன் முழுவதும் தள்ளுபடி ஆகிவிட்டது. பதின்மூன்றிலும் கூடுதல் எடையோடு இருந்து அதன்பின் குறைத்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் முழுத் தள்ளுபடி கிடைக்கவில்லை. அங்கே அளந்தது எடையை. இடுப்பை அளந்திருந்தால் இன்னும் முன்பாகவே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். எப்படியானாலும் தாமதத்துக்கு விலை உண்டு, அந்த விலையைக் கொடுக்கப்போவது நாமல்ல என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அளந்துவிடுங்கள். இடுப்பு உயரத்தில் பாதியைத் தொட்டிருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். தொடாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏழு வயதென்றால் இன்னும் ஆறு ஆண்டு கையில் இருக்கிறது. பன்னிரண்டு வயதென்றால் ஓர் ஆண்டுதான்.