யோசிக்கிற கை

நான் டிசைன் செய்த நாற்காலி ஆடியது. ஆசாரி ஒண்ணும் சொல்லவில்லை. பின்கால்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தார். “இப்ப உக்காருங்க தம்பி.” ஆடவில்லை. வரைபடத்தில் என் பெயர் மட்டும்தான்.

ஜெய்ப்பூர் செயற்கைக்கால் ஞாபகம் வந்தது. மருத்துவர்களோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். 1981இல் மகசேசே விருது கிடைத்தது மருத்துவர் பி.கே. சேத்திக்கு. சேத்தியின் உழைப்பு பெரியதுதான். ஆனால் தலை யோசிக்கும், கை செய்யும் என்று பிரித்தது யார்? ஆசாரியின் கை யோசித்ததை நான் கண்ணால் பார்த்தேனே!

நேற்று வரைபடத்தில் அவர் பெயரையும் சேர்த்தேன். ஒரு நிமிஷ வேலை. அடுத்து பில் போட உட்கார்ந்தேன். டிசைனுக்கான தொகையில் அவருக்கு எவ்வளவு? அங்கேதான் என் கை நின்றுவிட்டது.