வாயில்லா உயிருக்கு ஒரு மருத்துவர்

விலங்குகளைக் குறித்து நம் மக்கள் வழங்கும் சொற்களுள் 'வாயில்லா ஜீவன்' என்பது பொருள் நிறைந்தது. நாய் குரைக்கும், பூனை கத்தும், கிளி நாம் சொல்லிக் கொடுத்ததைத் திரும்பச் சொல்லும். ஆனால் எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நேற்றுக் கொடுத்த மருந்து கேட்டதா என்று அவற்றால் சொல்ல இயலாது. பூனையோ வலியை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. வீட்டில் வளரும் இத்தகைய உயிர் நோயுறும்போது எந்த மருத்துவரிடம் கொண்டு செல்வது? எது அருகில் இருக்கிறது, எங்கே கட்டணம் குறைவு என்பதோடு பலரும் இக்கேள்வியை முடித்துக்கொள்கின்றனர். இதனுள் ஓர் அறக்கேள்வியும் இருக்கிறது என்பது நம் கருத்து.

நமக்கு நோய் வந்தால் மருத்துவரைத் தேர்ந்துகொள்பவரும் நாமே, ஊசியின் வலியைத் தாங்குபவரும் நாமே, பணம் கொடுப்பவரும் நாமே. மனத்துக்குப் பிடிக்காவிடில் வேறொருவரை நாடுகிறோம். செல்லப்பிராணியின் நிலை அதுவன்று. தேர்வு செய்வது நாம், துன்புறுவது அது. நம் மனம் கோணாதபடி பேசும் மருத்துவரை நாம் விரும்புவோம். அந்த விருப்பத்துக்கு விலை கொடுப்பது நாயாக இருக்கலாம். கைக்குழந்தையின் நிலையும் இதுவே எனலாம். எனினும் குழந்தை வளர்ந்து ஒருநாள் நம்மைக் கேள்வி கேட்கும். நாய் ஒருபோதும் கேட்பதில்லை.

திருநூலில் நாய் ஒன்று மனிதரோடு வழிநடப்பதைத் தோபித்து நூலில் காண்கிறோம். இளைஞர் தோபியா தொலைநாட்டுக்குப் புறப்படுகையில் நாயும் உடன் செல்கிறது, திரும்பும்போதும் பின்தொடர்கிறது. மறையுரைகளில் அந்த நாய்க்கு இடம் கிடைப்பது அரிது. ஆனால் இங்கே நாம் கருதுவது, பயணத்துக்கு முன் நடந்ததை. பார்வையிழந்த தந்தை தோபித்து, மருத்துவர்களிடம் சென்று பார்த்தவர்; அவர்கள் மருந்து பூசப் பூச அவருடைய பார்வை மேலும் மங்கியதாக நூல் கூறுகிறது. அத்தகைய பட்டறிவு உள்ளவர், மகனுக்கு வழித்துணையாக வந்தவரிடம் குலம் எது, குடும்பம் எது என்று விசாரிக்கிறார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்று கூலியும் பேசி முடிக்கிறார். வந்திருப்பவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. தூதரும், இதெல்லாம் எதற்கு என்று சற்றுத் தயங்கினாலும், விடை அளிக்கவே செய்கிறார். (அவர் தந்தது மாற்றுப்பெயர் என்பது வேறு செய்தி.) இரபேல் என்னும் பெயருக்கே 'கடவுள் குணமளிக்கிறார்' என்பது பொருள். குணமளிக்க வந்த தூதரையே விசாரித்துச் சேர்த்துக்கொண்டார் தோபித்து. நம் ஊர் மருத்துவரை விசாரிப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

படிப்பும் பதிவும் முதலில் கேட்க வேண்டியவை. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-இல். பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம் என்பது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும், மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அன்பினால் கொடுத்தோம் என்பதற்காக நஞ்சு மருந்தாகிவிடாது.

அரசு கால்நடை மருந்தகத்தை, அதாவது மாட்டாஸ்பத்திரியை, ஏளனமாகப் பார்ப்போரும் உளர். ஆடும் மாடும் நிற்கும் இடத்துக்கு நம் நாயைக் கொண்டு போவதா என்னும் கூச்சம்! நாய்க்கு அந்தக் கூச்சம் இல்லை. குளிரூட்டிய அறையும் கண்ணாடிக் கதவும் உள்ள இடம் சிறந்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருத்துவர் விலங்கைத் தொட்டுப் பார்க்கிறாரா, என்ன தின்றது என்று வீட்டாரைப் பொறுமையாகக் கேட்கிறாரா, தம்மால் இயலாததைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறாரா என்பதையே பார்க்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் போட்டு, பின்னர் தொடர வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியை நினைவூட்டாதவர், அடுத்த வீட்டுக் குழந்தையையும் மறந்தவர். அறிகுறி தோன்றியபின் அந்நோயிலிருந்து மனிதர் பிழைப்பது மிக மிக அரிது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2418-ஆம் எண்ணில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டுவதும் தகாது. இரண்டையும் ஒருசேரப் பற்றிக்கொள்வது எளிதன்று. பாட்டியின் நீரிழிவு மாத்திரைக்கே கணக்குப் பார்க்கும் வீட்டில், நாயின் அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்கச் சொல்பவர் நல்ல மருத்துவர் அல்லர். ஆகும் செலவு இவ்வளவு, கிடைக்கக்கூடிய நாட்கள் இவ்வளவு, சிகிச்சை இயலாவிடில் வலியைக் குறைக்க வழி இது என்று வெளிப்படையாகச் சொல்பவரே நமக்கு வேண்டும். மறுபுறம், மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தெருவெல்லாம் பந்தல் போட்டவர், நாயின் ஒரு வேளை மருந்துக்கு மட்டும் ஏழைகளை நினைவுகூர்வதும் உண்டு. பெத்தானியாவில் நறுமணத் தைலத்துக்காக அப்படிப் பேசிய ஒருவரை நாம் அறிவோம்.

'ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார்கள், பாவமா சாமி?' என்று பங்கு மக்கள் கேட்பது இப்போது அதிகம். மனிதரின் உயிர் இறைச்சாயல் தாங்கியது. அதை நோயின் பெயரால் முடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை. விலங்குக்கு அதே விதியைப் பொருத்தித் திருச்சபை கற்பிக்கவில்லை. குணமாக்கவும் முடியாமல், வலியைத் தணிக்கவும் முடியாமல் போன நிலையில் அது பாவமாகாது என்றே விடை கூறுகிறோம். ஆனால் அந்த நிலை வந்துவிட்டதா என்பதை நாம் மட்டும் தீர்மானிக்க முடியுமா? நமக்குக் களைப்பு வரும். வாடகை வீடு மாற வேண்டியிருக்கும். பிரிய மனமின்றி, அதன் வேதனையை வாரக்கணக்கில் நீட்டிக்கவும் செய்வோம். வீடு மாறுகிறோம் என்று நாயைக் கொண்டு வருபவரிடம் 'முடியாது' என்றும், இன்னும் ஒரு பாட்டில் ஏற்றுங்கள் என்று கெஞ்சுபவரிடம் 'போதும்' என்றும் சொல்லக்கூடிய மருத்துவரை, நாய் நலமாக இருக்கும் நாளிலேயே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போது அவர் பேசுவதைக் கேட்டாலே பெரும்பாலும் விளங்கிவிடும். அந்தக் கடைசி ஊசியின்போது வீட்டார் வெளியே போய் நின்றுகொள்வது வழக்கம். உள்ளே வந்து தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால், போய்ப் பிடித்துக்கொள்வது நலம். பழகிய கையின் வாசனை அதற்குத் தெரியும்.