செயப்பாட்டு வினையும் செய்தவனும்

எழுத்தாளனுக்கு இலக்கணக் கையேடு தேவையா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதுவதே எழுத்து என்பது பண்டிதர் பதில். இலக்கணம் படைப்பின் கால்விலங்கு என்பது அவரிடமிருந்து தப்பி வந்தவனின் பதில். ஒருவர் விதியை வணங்குகிறார், மற்றவர் உதைக்கிறார். அது எதைக் காக்க ஏற்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை.

ஒரு விதியைப் பார்ப்போம். செய்வினை போதுமான இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம். வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-ல் தம் கார்னெல் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலில் இது இருக்கிறது. அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி 1946-ல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய கட்டுரையின் ஆறு விதிகளிலும் இருக்கிறது. ஸ்ட்ரங்க்குக்கு இது வாக்கியத்தின் வலுவைப் பற்றிய விஷயம். ஆர்வெலுக்கு நாணயத்தைப் பற்றியது.

நான் வேலை பார்க்கும் வங்கியிலிருந்து, 'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்று கடிதம் போகிறது. பிழையில்லாத தமிழ். பரிசீலித்தது யார், நிராகரித்தது யார்? 'படு' என்ற துணைவினைக்குப் பின்னால் ஓர் அலுவலகமே ஒளிந்துகொள்கிறது. கடன் கேட்ட விவசாயி யாரிடம் போய் நியாயம் கேட்பான்?

சரி, விதிப்படி திருத்துவோம். 'தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து நிராகரித்தாயிற்று.' செயப்பாட்டு வினை போய்விட்டது. ஆள் இன்னும் வரவில்லை. தமிழில் எழுவாய் இல்லாமல் பேசிவிட எத்தனையோ வழிகள் உண்டு. மாறாக, கொன்றவன் யாரென்று தெரியாதபோது 'அவன் கொல்லப்பட்டான்' என்பதே உண்மைக்கு நெருக்கமான வாக்கியம். ஆர்வெலின் அதே கட்டுரையில் செயப்பாட்டு வாக்கியங்கள் பல இருப்பதைச் சுட்டிப் பரிகசித்தவர்கள் உண்டு. விதிகளை மீறவேண்டிய இடமும் வரும் என்பதே அவருடைய ஆறாவது விதி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பவணந்தி நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று போகும் அந்தப் பட்டியலை எந்த எழுத்தாளனும் மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொய் கூறல் அதில் இல்லை. இது பவணந்தியின் குறை அல்ல, இலக்கணத்தின் எல்லை. பேரேட்டில் பற்றும் வரவும் நேரானால் கூட்டல் சரி என்று அர்த்தம். கணக்கு யோக்கியமானது என்று அர்த்தமில்லை. அதற்காகக் கூட்டிப் பார்க்கவே மறுப்பவனையும் நான் நம்பமாட்டேன். 'உள்ளத்திலிருந்து எழுதுகிறேன், இலக்கணம் எதற்கு' என்பவன் பெரும்பாலும் தன் வாக்கியத்தை மறுமுறை படிக்காதவன்.

எழுதி முடித்த வாக்கியத்தின் முன் நம்மை நிறுத்தி, 'இதைச் செய்தது யார்?' என்று கேட்பது கையேட்டின் வேலை. அதோடு அதன் வேலை முடிந்தது. பதில் தெரிந்தும் மறைக்கிறவனுக்கு அது இன்னும் நேர்த்தியாக மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.