மரத்தின் கழுத்தில் ஒரு பெயர்

மைசூர் நகரின் விஜயநகர்ப் பகுதி, யோகநரசிம்ம ஸ்வாமி ஆலயத்தால் பக்தர்கள் பலருக்கும் அறிமுகமானது. யாதவகிரியிலுள்ள ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமத்திற்கும் அது வெகு தொலைவில் இல்லை. அங்கே தோட்டமுள்ள ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவரலாம். பணி ஓய்வு பெற்ற ஒருவர் நாற்பது வகைச் செம்பருத்திகளையும் சில ஒட்டு மாஞ்செடிகளையும் வளர்த்து வருகிறார். ஒவ்வொரு செடியருகிலும் ஒரு பிளாஸ்டிக் சீட்டு. அதில் மையால் எழுதிய பெயர். இரண்டு கோடைகளில் மை வெளுத்துப்போகிறது. மழைக்காலத்தில் களை எடுக்க வந்தவர், மிஞ்சிய சீட்டுகளைக் குப்பை என்று எண்ணிப் பிடுங்கி ஒரு மூலையில் குவித்துவிடுகிறார்.

அன்று அவ்வீட்டில் எழுந்த கோபம் சிறிதன்று. களை எடுத்த எளிய மனிதர் தலைகுனிந்து நிற்கிறார். அப்போது மருமகள், “பெயர் போனால் என்ன மாமா, பூ பூக்காமல் போய்விடுமா?” என்று கேட்கிறாள்.

எளிய கேள்விதான். ஆனால் வேதாந்தம் முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் மாந்தோப்புக்கு வந்த மனிதனின் உவமையை அடிக்கடி கூறுவார். மாம்பழம் உண்ண வந்தவன் மரங்கள் எத்தனை, கிளைகள் எத்தனை, இலைகள் எத்தனை என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன பயன்? மருமகள் குருதேவரின் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். ஆயினும் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது.

மாண்டியா மாவட்டத்தில், மளவள்ளி வட்டத்தில், கிருகாவலு என்ற கிராமம் உள்ளது. அங்கே சையத் கனி கான் என்ற விவசாயி ‘படா பாக்’ என்னும் பழைய மாந்தோப்பைப் பேணி வருகிறார். திப்பு சுல்தான் காலத்தோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் அத்தோப்பில் நூறு வகைக்கு மேற்பட்ட மாமரங்கள் உள்ளன. அருங்காட்சியகவியல் பயின்ற அவர் மண்ணையே அருங்காட்சியகமாக்கிவிட்டார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட நெல் வகைகளையும் சேகரித்துள்ளார். நெல் வகைகளைக் காப்பவர் ஒன்றோடொன்று கலவாதபடி விதைத்து, அறுத்து, பெயரிட்டு வைக்க வேண்டும். ஒருமுறை கலந்துவிட்டால், எது எது என்று பிரித்தறிவது பெரும்பாடு. மாவிலும் அப்படித்தான்; கொட்டையிலிருந்து முளைத்த கன்று பெரும்பாலும் தாய்மரத்தைப்போல் இருப்பதில்லை. ஒட்டுக்கட்டினால்தான் அதே வகை தொடரும். எந்த மரத்திலிருந்து கிளை எடுக்கப்பட்டது என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி.

இங்கே ஒருவர் மரங்களை எண்ணுகிறார். வேறு பலர் பழம் உண்ணுகிறார்கள். தோப்பின் உடைமையைக் கணக்கிட்டுப் பெருமை கொள்பவனையே குருதேவரின் உவமை சுட்டுகிறது. பிறர் உண்பதற்காகக் கணக்கு வைப்பவனை அன்று. கைவேலை ஒன்றே, மனம் வேறு.

சாந்தோக்ய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனத்குமாரரிடம் வருகிறார். வேதங்கள், இதிகாச புராணங்கள், கணிதம், நட்சத்திர சாஸ்திரம் என்று கற்றவற்றை அடுக்கிக் கூறிவிட்டு, இவ்வளவும் அறிந்தும் தமக்குத் துயரம் தீரவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அவர் கற்றவை யாவும் வெறும் பெயர்களே என்கிறார் சனத்குமாரர். ஆனால் பெயர்களைத் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை என்பது கவனிக்கத் தக்கது. பெயரையே பிரம்மமாக உபாசிக்கச் சொல்கிறார். அதனினும் மேலானது உண்டா என்று நாரதர் கேட்ட பிறகே அடுத்த படியைக் காட்டுகிறார். முதற்படியில் நிற்காமலே மேற்படியில் நிற்பதாக எண்ணுபவர்களுக்கு இது உவப்பாக இராது.

தோட்டக்கலை அறிந்தவர்கள் மற்றொரு செய்தியைக் கூறுவார்கள். மை வெளுக்கும், பென்சில் எழுத்து அதைவிட நீடிக்கும், மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் அழுத்தி எழுதியது பல்லாண்டு இருக்கும். சீட்டு தொலைந்தாலும் இடம் தெரியும்படி நோட்டில் ஒரு வரைபடமும் இருப்பது நல்லது. ஆனால் தகட்டைக் கம்பியால் கிளையில் இறுக்கிக் கட்டலாகாது. மரம் பருக்கும்; கம்பி பருக்காது. சில ஆண்டுகளில் கம்பி பட்டையை அறுத்து உள்ளே புதைந்துவிடும். உணவோட்டம் தடைப்பட்டு, அதற்கு மேலுள்ள கிளை வாடிப்போகும். மரத்தை அடையாளம் காட்டவந்த பெயரே மரத்தை நெரிக்கிறது.

இன்ன குலத்தவன், இன்ன பதவி வகித்தவன், இன்னாரின் தந்தை என்று மனிதன் தன் கழுத்திலும் தகடுகளைக் கட்டிக்கொள்கிறான். பள்ளியிலும் அலுவலகத்திலும் அவை தேவைப்பட்டன, தவறில்லை. பணி ஓய்வு பெற்ற பின்பும் கம்பி தளர்த்தப்படாமல் இருப்பதே துன்பம். அன்று தோட்டத்தில் கோபித்தவரின் வலி செம்பருத்தியைப் பற்றியது மட்டுமா? ‘என் சேகரிப்பு’ என்ற தகடும் அன்று பிடுங்கப்பட்டது.

உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிற்குத் தேனை உதாரணமாகக் காட்டினார். தேனீக்கள் பல மரங்களின் சாற்றைத் திரட்டி ஒன்றாக்குகின்றன. அந்தத் தேனில், ‘நான் இந்த மரத்தின் சாறு’ என்ற வேறுபாட்டுணர்வு எந்தச் சாற்றுக்கும் இல்லை. அவ்வாறே உயிர்களும் சத்தில் ஒன்றியபோது அதை அறிவதில்லை. புலியோ சிங்கமோ புழுவோ, எதுவாக இருந்தனவோ அதுவாகவே மீண்டும் வருகின்றன. ஒருமை வேற்றுமையை அழிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெரியவர் மூலையில் கிடந்த சீட்டுகளை எடுத்துத் துடைக்கிறார். களை எடுப்பவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, இலையையும் பூவையும் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் தகட்டில் எழுதுகிறார். ஏழெட்டுச் செடிகளுக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவற்றின் தகடுகள் வெறுமையாகவே தொங்குகின்றன. பிறகு ஒட்டு மாஞ்செடியின் கிளையை இறுக்கியிருந்த கம்பியைக் கண்டு, அதை அவிழ்த்து, விரல் நுழையும் அளவிற்குத் தளர்வாகக் கட்டுகிறார்.

மருமகள் பூக்கூடையோடு வருகிறாள். பெயருள்ள பூ, பெயரில்லாத பூ என்று பாராமல் யாவும் ஒரே கூடையில் விழுகின்றன. ஆலயத்தில் அர்ச்சனை தொடங்குகிறது. நூற்றெட்டு நாமங்கள், நாமத்திற்கு ஒரு மலராக நரசிம்மரின் திருவடியில் சேர்கின்றன.