கரையில் நிற்பவனின் கடமை

குருநகர்க் கரையிலே படகைக் கடலுக்குத் தள்ளுமுன் அதன் அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பவனை எவரும் ஒழுக்கசீலன் என்று புகழ்வதில்லை. மரப்பலகை வள்ளங்கள் மிகுந்திருந்த காலத்தில் பலகை மூட்டுகளில் நீர் கசிகின்றதா என்று பார்த்தனர். கண்ணாடி இழைப் படகுகள் பெருகிய பின்னர் வெடிப்பு உண்டா, இயந்திரம் சீராக இயங்குகின்றதா என்று பார்க்கின்றனர். வலையின் கிழிசலைப் பொத்துவது அன்றாட வேலை. கரையூர் என்ற பழம்பெயராலும் அறியப்பட்ட அவ்வூரில் இவை அறநூல் வந்து கற்பிக்கவேண்டிய கடமைகள் அல்ல. பார்க்கத் தவறியவனும் அதே படகில்தான் செல்கின்றான். கவனமின்மையின் தண்டனை கவனமற்றவனையே முதலிற் சேர்கின்றது.

இவ்வொழுங்கு குலைகின்ற இடத்தை வில்லியம் கிளிஃபோர்ட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர், நம்பிக்கையின் அறவியல் பற்றி 1877 இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினார். அவர் கற்பனை செய்யும் கப்பற் சொந்தக்காரன் தன் கப்பல் பழையது, பன்முறை பழுதுபார்க்கப்பட்டது என்பதை அறிவான். குடிபெயர்ந்து செல்வோரை ஏற்றவிருக்கும் அதனை முற்றாகப் பரிசோதித்தால் பெருஞ்செலவாகுமே என்று தயங்குகின்றான். இத்தனை பயணங்களில் மீண்டுவந்த கப்பல் இம்முறையும் மீளும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றான். மெல்ல மெல்ல அதனை மனமார நம்பியும்விடுகின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கின்றான். அவனது நம்பிக்கை பொய்யன்று; ஆயினும் கையிலிருந்த சான்றுகளைக்கொண்டு அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருப்பினும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது என்றும் அவர் கூறினார். அவன் அக்கப்பலில் ஏறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அக்கப்பற் சொந்தக்காரனுக்கு இக்காலத்தில் நெருங்கிய உறவினன் இணையத்தளம் நடத்துபவன் எனலாம். வாசகர் திரையிற் காணும் பக்கங்கள் கப்பலின் மேற்றளம் போன்றவை. அவற்றின் கீழே, சேவையகம் எனப்படும் கணினியில், இயங்குதளம், பக்கங்களை வழங்கும் மென்பொருள், நிரல்மொழி, தரவுத்தளம் என்பன அடுக்கடுக்காக உள்ளன. இவை மரத்தைப்போல உளுத்துப்போவதில்லை. இன்று இயங்குவதுபோலவே பத்தாண்டுகளின் பின்னும் இயங்கக்கூடும். மென்பொருள் மாறாதிருக்க, அதனைச் சூழ்ந்த உலகம் மாறிவிடுகின்றது. வழு ஒன்று கண்டறியப்பட்டுத் திருத்தம் வெளியிடப்படும்போது, அத்திருத்தமே வழு இருக்குமிடத்தைத் தீயோருக்கும் அறிவித்துவிடுகின்றது. அன்றுமுதல், இற்றைப்படுத்தப்படாத சேவையகம் பூட்டின் குறையை ஊரறிந்த வீடாகும். 2017 மார்ச் 7 ஆம் நாள் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளுக்கு அத்தகைய திருத்தம் ஒன்று வெளிவந்தது. மக்களின் கடன் விபரங்களைத் திரட்டும் ஈக்குவிஃபக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தளமொன்றில் அதனை இடத் தவறியது. அவ்வாண்டு மே மாதத்தில் உட்புகுந்தோர் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்துசென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தாம் அக்கப்பலில் ஏற்றப்பட்டிருந்ததையே அறியாதவர்கள்.

இலங்கையும் இத்தகைய இழப்பை அறியும். 2023 ஓகஸ்ட் 26 ஆம் நாள் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையகங்கள் கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு மே 17 முதல் அன்றுவரை வந்த மடல்கள் அழிந்தன. தனித்து வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. அங்கு இயங்கியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை உற்பத்தியாளர் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தனர். 2021 முதலே அதனை மேம்படுத்த எண்ணியிருந்தும், நிதிக் குறைபாட்டினாலும் முன்னைய பணிப்பாளர் சபை முடிவுகளாலும் அது தாமதமாயிற்று என்று பொறுப்பான அரச முகவர் நிலையம் விளக்கம் தந்தது.

இவ்விளக்கத்தை எள்ளி நகையாடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. 2022 இல் நாடு எந்நிலையில் இருந்தது என்பதை அறியாதார் இலர். மண்ணெண்ணெய் கிடையாமல் வடபகுதி மீனவர்களின் படகுகள் கரையிற் கிடந்த காலம் அது. ஆயினும் அப்படகுகளே இவ்விடயத்தில் ஒரு தெளிவைத் தருகின்றன. எரிபொருள் இல்லாத படகு கடலுக்குச் செல்வதில்லை. பழுதுபார்க்கப் பணமில்லாத சேவையகமோ பயணிகளை ஏற்றியபடியே சென்றுகொண்டிருந்தது. வறுமை, பழுதுபார்க்காமைக்குத் தக்க காரணமாகலாம். பழுதை அறிந்தும் பிறர் உடைமையைத் தொடர்ந்து ஏற்றுவதற்கும் அதுவே காரணமாகுமா? இற்றைப்படுத்த இயலாதவன் செய்யக்கூடியவை வேறும் உள. தேவையற்ற விபரங்களைத் திரட்டாது விடலாம். பிரதியொன்றை வேறிடத்தில் வைக்கலாம். அசையாப் பக்கங்களாக மாற்றி ஏற்றும் சுமையைக் குறைக்கலாம். குறைந்தபட்சம், ஏறுவோருக்கு உண்மையைச் சொல்லலாம். கிளிஃபோர்டின் சொந்தக்காரனிடம் இவற்றுள் ஒன்றுமே காணப்படவில்லை.

புதியதையெல்லாம் உடனுக்குடன் ஏற்பதே அறம் என்பாரும் உளர். அவர்களை 2024 மார்ச் மாதம் மடக்கியது. எக்ஸ்செட் என்னும் சிறு சுருக்க மென்பொருளின் புத்தம்புதிய பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. சேவையகத்தில் நுழைவதற்கு அரை வினாடி அதிகமாவதைக் கண்டு ஐயுற்ற அந்திரேஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலாளரே அதனை வெளிப்படுத்தினார். அப்போது பழைய பதிப்பில் நின்றவர் தப்பினர்; முந்திக்கொண்டவரே ஆபத்திற்கு உள்ளாயினர். ஆதலின், புதுமைமீது வைக்கும் நம்பிக்கையும் சான்றின்றி வைக்கப்படின் அதே கப்பற் சொந்தக்காரனின் நம்பிக்கைதான். அம்மென்பொருளை ஊதியமின்றிப் பேணிவந்தவர் களைத்துப்போன தனியொருவர் என்பதும், உதவுவதாக வந்து அவர் நம்பிக்கையை ஈராண்டுக்கும் மேலாக ஈட்டிய ஒருவரே அவ்வாயிலை அமைத்தார் என்பதும் இன்னும் கசப்பானவை. அவர்மேற் சாய்ந்து நின்ற பெருநிறுவனங்கள் எத்தனையோ!

ஏதென்சு மக்கள் தீசியசின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக் காத்தனர் என்று புளூட்டாக் எழுதினார். அது பழைய கப்பல்தானா, புதியதா என்று மெய்யியலாளர் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டு வருகின்றனர். பலகையை மாற்றியவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தவர் யார் என்ற வினாக்கள் அவ்வாதத்திற் பெரும்பாலும் எழுவதில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு இவை வெறும் புலமை வினாக்கள் அல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் சேவையகத்தில் ஏற்றிவருகின்றது. அதற்கு அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருளின் எப்பதிப்பும் சில ஆண்டுகளுக்கு மேல் ஆதரவு பெறுவதில்லை. நூலை ஏற்றும் பணி முடிந்த பின்னரும் பலகை மாற்றும் பணி முடிவதில்லை.

குருநகரிலிருந்து புலம்பெயர்ந்த ஒருவர் தம் ஊரின் பழைய படங்களையும் மலர்களையும் சேர்த்து இணையத்தளம் ஒன்றினை அமைக்கப் பணம் தருகின்றார் எனக் கொள்ளலாம். திறப்பு விழா நடைபெறும். தந்தவரின் பெயர் முகப்பில் இருக்கும். ஐந்தாம் ஆண்டில், நிரல்மொழியின் பதிப்பு காலாவதியாகும் நாளில், இரவிருந்து அதனை மாற்றிப் பக்கங்கள் சிதையாமற் பார்ப்பவனுக்கான தொகை அந்நன்கொடையில் இருந்ததா என்று, விழா நாளன்று எவரேனும் கேட்பாராயின், அது மங்கலமற்ற பேச்சாகவே கொள்ளப்படும்.