எத்தனாவது மலை?

புது ஆளிடம் உங்களை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வீர்கள்? முதலில் பேர். அடுத்து வேலை. அப்புறம் ஊர். தென்காசிப் பக்கமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும். "ஊர்ல எந்தத் தெரு?" விலாசம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர்க்காரர். தெருப் பேரைச் சொன்னால் ஜாதி தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் பேச்சு சகஜமாகும், அல்லது சட்டென்று முடியும்.

ஒரு கார்த்திகை விடியற்காலை. குற்றாலத்தில் சாரல் சீஸன் போய் ஐயப்ப சீஸன் வந்திருந்தது. சிப்ஸ் கடைகளும் அல்வாக் கடைகளும் மறுபடி களைகட்டியிருந்தன. நடந்தே சபரிமலை போகிற ஒரு குழு பேரருவியில் குளித்துக்கொண்டிருந்தது. கட்டுரை எழுதலாமே என்று ஆரியங்காவு வரைக்கும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். பழக்கதோஷத்தில் விசிட்டிங் கார்டை நீட்டி, பேர், பத்திரிகை எல்லாம் சொன்னேன். குருசாமி ஈரக் கையால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது எதுக்கு சாமி? எத்தனாவது மலை, அதைச் சொல்லுங்க."

"மாலையே போடலை. எழுத வந்தேன்."

"அப்ப கன்னிச்சாமிக்கும் ஜூனியர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அறிமுகம் அத்தோடு முடிந்தது.

முதல் தடவை போகிறவர் கன்னிச்சாமி. பதினெட்டாவது மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று சுமந்து போவார். அங்கே மரியாதையெல்லாம் நடந்த கணக்கில்தான். நான் பி.காம். படித்தவன். பூர்வீகச் சொத்தை ஒரு பைசா காட்டாமல், சொந்தமாகச் சம்பாதித்ததை மட்டும் எழுதிய பேலன்ஸ் ஷீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஜார்ஜியாவில் ஆரம்பித்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர். அதில் மாசக்கணக்காக நடக்கிறவர்கள் வீட்டுப் பேரைப் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கூட நடக்கிறவர்கள் வைக்கிற பட்டப்பேர்தான் புழக்கத்தில். 1955-ல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி அந்தப் பாதை முழுக்கத் தனியாக நடந்து முடித்தார். வயசு 67. பதினோரு பிள்ளை பெற்றவர், புருஷனிடம் வருஷக்கணக்காக அடி வாங்கியவர். உலகத்துக்கு அவர் 'கேட்வுட் பாட்டி'.

புளியரை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் என் குதிகாலில் கொப்புளம். பக்கத்தில் வந்த கன்னிச்சாமிக்கு இருபது வயசு இருக்கும். வெறுங்கால், தலையில் இருமுடி. கேட்காமலே என் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தோம். கோட்டைவாசல் வரும்வரை அவன் என்னை 'சாமி' என்றான், நான் அவனை 'சாமி' என்றேன். அவன் பேர் எனக்குத் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

'நாற்பத்தொரு நாள் வேஷம்தானே சார்? மாலையைக் கழற்றினால் பழைய ஆள்தானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தச் சமத்துவத்தில் பெண்களுக்கு எங்கே இடம் என்றும் கேட்கலாம். 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. குறை இல்லாத கூட்டம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால், வேஷம் எது? சாமிக்கே இந்த வட்டாரத்தில் நாலு அறிமுகம் சொல்வார்கள். குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் இளைஞன், அச்சன்கோவிலில் குடும்பஸ்தன், சபரிமலையில் துறவி. இதில் எது பொய் என்று யாரும் கேட்பதில்லை. மனுஷன் மட்டும் ஊரில் இருப்பது நிஜம், பாதையில் இருப்பது வேஷம் என்று எப்படி முடிவு கட்டினோம்? தெருப் பேரைச் சம்பாதிக்க நான் ஒரு அடி நடந்ததில்லை. பிறந்தபோதே ஒட்டியிருந்த லேபிள் அது. அந்தப் பையன் என் பையைத் தூக்கியது அவனாகச் செய்தது. எது அவனுடைய நிஜமான அறிமுகம்? நான் பாதையின் பக்கம். இதை அன்று ராத்திரியே, கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு, உணர்ச்சிவசப்பட்டு எழுதியும் அனுப்பிவிட்டேன்.

பிரியும்போது, குருசாமி திருப்பித் தந்த அந்த ஈரக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தக் கன்னிச்சாமிதான். தை மாசம் போன் வந்தது.

"சாமி, நல்லா இருக்கீங்களா? புளியரை ஏத்தத்துல உங்க பையைத் தூக்கிட்டு வந்தேன்ல, அந்தக் கன்னிச்சாமி பேசுறேன்."

நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். இப்போதுதான் பேரைச் சொன்னான். அக்காவுக்குக் கல்யாணமாம், கண்டிப்பாக வர வேண்டுமாம். ஊர்ப் பேரையும் சொன்னான். தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

"வந்துடறேன் சாமி. ஊர்ல எந்தத் தெரு?"

வழி தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய என்னால் முடியாது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பஸ் ஸ்டாப்ல இறங்கிட்டு ஒரு போன் போடுங்க சார். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."